ஆவாரையும் பாலாறும்

பொங்கலுக்கு முதல்நாள் வீட்டு வாயிலில் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றுடன் இடம்பெறும் மஞ்சள்நிற மலர் ஆவாரம்பூ. சங்க இலக்கியம் இதனை ‘ஆவிரை’ என்று சுட்டுகிறது. மடலேறத் துணிந்த தலைவன் சூடும் மலர்களுள் இதுவும் ஒன்று. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்னும் பழமொழி இதன் மருத்துவச் சிறப்பை உணர்த்தும். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இச்செடிக்குத் தொழில்வரலாறும் உண்டு.

ஆவாரை, வறண்ட நிலத்திலும் பல்லாண்டு வாழும் குத்துச்செடி. ஆங்கிலத்தில் இதற்குத் ‘தோல் பதனிடுவோரின் கொன்றை’ எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. இதன் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் மிகுந்துள்ளது. பச்சைத்தோல் ஈரத்தில் அழுகும், உலர்ந்தால் விறைத்துவிடும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் பட்டைச்சாற்றில் இட்டால், டானின் தோலிலுள்ள கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. வெயிலில் நிறம் சிவக்காதிருக்க இறுதியில் கடுக்காய்ச்சாற்றிலும் தோய்ப்பர். இவ்வாறு பதனிட வாரக்கணக்கில் காலம் தேவைப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலால் வளர்ந்தன.

தேவை பெருகியபோது தென்னாப்பிரிக்க வாட்டில் மரப்பட்டையும் இறக்குமதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடும் முறையை அறிமுகப்படுத்தினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்முறை பரவலாயிற்று. வாரங்கள் நாள்களாகச் சுருங்கின; வெப்பம் தாங்கும் மென்தோல் கிடைத்தது; காலணி ஏற்றுமதி பல்லாயிரவர்க்கு வேலை தந்தது. ஆயினும், உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் ஆய்வுத் தகவலை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அது உறுதிசெய்தது.

ஆவாரைக்குத் திரும்பினால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. பட்டைச்சாற்றுக் கழிவும் தூய்மைப்படுத்தப்படாமல் நீரில் கலந்தால் கேடு செய்யும். பட்டைக்காக வரம்பின்றி வெட்டினால் செடியும் அழியும். எம்முறையில் பதனிட்டாலும், கழிவைத் தூய்மைப்படுத்தும் செலவு தோலின் விலையிலேயே அடங்க வேண்டும். அவ்வாறு அடங்காதபோது, அதனை ஆற்றங்கரை உழவரும் கிணற்றுநீரை நம்பியிருப்போருமே செலுத்த நேர்கிறது.