நெய்யாற்றின்கரை வாசுதேவன்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கி வருவோர் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்தே களியக்காவிளையை அடைகின்றனர். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லை இங்கேதான் வகுக்கப்பட்டது. அவ்வெல்லை இசையைப் பிரிக்கவில்லை என்பதற்கு இவ்வட்டாரத்துப் பாடகர் ஒருவரையே நாம் சான்றாகக் காட்டலாம்.

1940-இல் எளிய குடும்பமொன்றில் பிறந்த வாசுதேவன், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்று கானபூஷணம், கானப்பிரவீணா பட்டங்களைப் பெற்றார். பின்னர் அவருக்கு வாய்த்த குரு தமிழ்நாட்டு ராம்நாட் கிருஷ்ணன். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் நம் இசையைக் கற்பித்த அப்பெரியார், ஆரவாரமின்றி இராகத்தைப் பொறுமையாக விரித்துப் பாடுபவர். மாணவரும் அந்நெறியையே மேற்கொண்டார்.

பரம்பரைப் பெருமையோ செல்வமோ இல்லாத பாடகருக்கு மேடை எளிதில் கிட்டுவதில்லை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் ஆசிரியராக இருந்த வாசுதேவன், பிறகு திருவனந்தபுரம் வானொலி நிலையக் கலைஞரானார். ஒலிவாங்கியின்முன் கையசைவும் முகபாவமும் பயன்படா. சுருதியும் சொற்சுத்தமுமே பாடகரைக் காக்கும். அவருடைய அடக்கமான பாணிக்கு அதுவே ஏற்ற அரங்கு என்பது நம் கருத்து. வானலைகளுக்கு எல்லைச் சாவடி ஏது? குமரி மாவட்டத்துத் தமிழர் இல்லங்களிலும் அக்குரல் ஒலித்தது.

1987-இல் வெளிவந்த 'சுவாதித் திருநாள்' திரைப்படத்திலும் அவர் பாடினார். சங்கீத நாடக அக்காதெமி விருது 2000-இலும், பத்மஸ்ரீ 2004-இலும் அவரை அடைந்தன. 2008-இல் அவர் மறைந்தார். ஸ்ரீவல்சன் ஜே. மேனன் முதலிய மாணவர்களின் பாட்டில் அந்நிதானத்தை நாம் இன்றும் கேட்கலாம்.