உஷார்! ‘உங்க பையன் எங்க கஸ்டடியில இருக்கான்’

காலேஜுக்குப் போகிற பிள்ளை இருக்கும் டோம்பிவிலி வீடுகளே, கொஞ்சம் உஷாராக இருங்கள். பிள்ளை மும்பை ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டிருக்கும் காலை வேளையில் உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் கால் வரலாம். டிபியில் காக்கி உடுப்பு. எண் பல சமயம் +92 என்ற வெளிநாட்டுக் குறியீட்டில் தொடங்கும். “போலீஸ் ஸ்டேஷன் சே போல் ரஹா ஹூன். ஆப் கா பேட்டா ஹமாரே பாஸ் ஹை.” பின்னாலேயே ஓர் அழுகுரல். கேஸ் போடாமல் விட வேண்டுமானால் உடனே பணம் அனுப்பு, போனை மட்டும் வைக்காதே என்பான்.

பெற்றோரை இப்படிக் குறிவைக்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. நம் ஊரில் அது பலிப்பதற்கு வசதி அதிகம். பதறிப்போய்ப் பிள்ளைக்கு போன் போட்டால் எடுக்க மாட்டான். டோம்பிவிலியில் ஏறியவனுக்குத் தாதர் வரும்வரை பாக்கெட்டில் கைவிட இடம் ஏது? 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே கூட்ட நெரிசலில் லோக்கலிலிருந்து பயணிகள் விழுந்து இறந்த பிறகு, எடுக்காத போன் என்றாலே இங்கே அம்மாக்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. திருடனுக்கு அந்தப் பதற்றத்தில் பத்து நிமிடம் போதும்.

அந்த அழுகுரலைக் கொஞ்சம் கவனியுங்கள். “மம்மி, பச்சாவோ!” என்று இந்தியில் அழும். நம் வீட்டுப் பிள்ளை அடிபட்டால் எந்த மொழியில் கத்தும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஏஐயை வைத்துக் குரலையே நகல் எடுக்கும் காலம் இது. உண்மையாகவே கைது என்றால் குடும்பத்துக்குத் தகவல் சொல்வது போலீஸின் கடமை. கூடவே யுபிஐ ஐடி அனுப்புவது எந்த ஸ்டேஷனிலும் இல்லை.

சில சமயம் தூண்டில் பிள்ளைக்கே விழும். 2024 ஜூலையில் பவாய் ஐஐடி மாணவர் ஒருவருக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயிலிருந்து பேசுவதாக அழைப்பு வந்தது. அவர் எண்ணின் மீது 17 புகார்கள் என்றார்கள். பிறகு வீடியோ காலில் போலீஸ் உடுப்பு, பணமோசடிக் கேஸ், வீடியோ காலிலேயே கைது என்கிற ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. யாரிடமும் பேசக் கூடாது என்று கட்டளை. 7.29 லட்சம் ரூபாய் போன பிறகுதான், இணையத்தில் தேடிப் பார்த்து ஏமாந்ததை அவர் உணர்ந்தார். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

ஐஐடி மூளைக்கே இந்த கதி என்று சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூளை என்ன செய்யும்? ‘யாரிடமும் பேசாதே’ என்பதில்தான் மோசடியே இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அங்கேயே உடைந்திருக்கும். ஆனால் எந்த போனும் ‘அரியர் இருக்கா, அட்டெண்டன்ஸ் எவ்வளவு’ என்று விசாரணையாக முடியும் வீட்டுக்குப் பிள்ளை எப்படிப் பேசுவான்? போலீஸைவிட அப்பாவுக்குப் பயப்படும் பிள்ளைதான் இவர்களுக்கு லட்டு. “என்ன தப்பு நடந்தாலும் முதலில் எனக்குச் சொல், திட்ட மாட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள்.

மாட்டுங்கா காலேஜில் சீட் கிடைத்த பெருமையில் ஐடி கார்டைப் படமெடுத்து சொசைட்டி குரூப்பில் போடாதீர்கள். கூடப் படிக்கும் இரண்டு பேரின் எண்களை வாங்கி வையுங்கள். வீட்டுக்குள் ஓர் இரகசிய வார்த்தையும் வேண்டும். குலதெய்வத்தின் பெயரோ, பாட்டி கூப்பிடும் செல்லப் பெயரோ, வெளியே யாருக்கும் தெரியாததாக.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு. அந்த எண்ணை இன்றைக்கே பாட்டியின் போனிலும் பதிந்து கொடுங்கள்.