மலை தாண்டினாலும் கடமை தீராது

அய்யனார் கோவிலுக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால் கேரள மாநிலம். பிழைப்பை நாடி எல்லை கடந்து செல்வது குற்றமன்று. சென்றவர், வசதியிருந்தும் குழந்தைகளைக் கைவிட்டால் என் செய்வது? சங்கங்களைப் பார்வையிடச் செல்லுகையில் இக்கேள்வியை நாம் கேட்டிருக்கிறோம். மாநில எல்லை அவருக்குக் கேடயமாகாது என்பதே விடை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்த ஜீவனாம்ச விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக வழங்குகிறது. தாய் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். ராஜபாளையத்தில் வசிப்பவர் கேரளத்துக்கு அலைய வேண்டுவதில்லை. உத்தரவின் நகல் இலவசமாகக் கிடைக்கும். தந்தை எங்கிருக்கிறாரோ அவ்விடத்து மாஜிஸ்டிரேட்டே 147ஆம் பிரிவின்படி அதனை நிறைவேற்றலாம். அவர் பார்ப்பவை இரண்டு: ஆள் இவர்தாமா? பாக்கி உண்மைதானா?

ஆகவே, சங்கத்தில் கடன் பாக்கிக்குப் பேரேடு வைப்பது போல, வரவேண்டியதையும் வந்ததையும் தேதிவாரியாகக் குறித்து வைத்தல் வேண்டும். செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிடில் அந்தப் பாக்கிக்கு வாரண்டு கிடையாது. தக்க காரணமின்றிக் கொடாதவருக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறை சென்றதால் பாக்கி தீராது என 1989இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுறுத்தியது.

1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வெட்கத்தால் வாய்மூடியிருக்கும் தாய்க்கு இதனை எடுத்துரைப்பதும் கூட்டுறவுப் பணியே அன்றோ?