பாலும் கணக்கும் – 7: எந்தப் புரதம்?

காலையில் கேனோடு பால் சொசைட்டிக்கு வருபவரின் அட்டையில் இரண்டு எண்கள்தான் விழும்: கொழுப்பு, எஸ்.என்.எஃப். எனும் கொழுப்பல்லாத திடப்பொருள். பசும்பாலுக்கு அவை குறைந்தது 3.2, 8.3 சதவீதம் இருந்தால் போதும், தேறிவிட்டது. இப்போதைய இயந்திரங்கள் சில புரதத்தையும் மூன்றாவது எண்ணாகக் காட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் எவ்வளவு புரதம் என்று சொல்லும் அந்த எண், எந்தப் புரதம் என்று சொல்லாது.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2008-இல் சீனா பார்த்தது. பாலில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்கினால் புரத அளவு கிடைக்கும். நைட்ரஜனை அளக்கும் வழியை டென்மார்க்கின் கால்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் 1883-இல் வகுத்தார். சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற வேதிப்பொருளைப் போட்டார்கள்; அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கணக்கு பிசகாமல் வந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன.

மோசடியே இல்லாத பாலிலும் அந்த எண் ஏமாற்றும். சாதாரணப் பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கொதிக்கும் சூட்டைத் தாங்கும். மீதி, பால் திரிந்தால் தெளிநீரில் தங்கும் வே புரதங்கள், சூட்டில் குலைபவை. சீம்பாலைக் காய்ச்சினால் கட்டி தட்டுகிறதே, கன்றுக்கான நோயெதிர்ப்புப் புரதங்களால் அதில் வே பங்கு மேலோங்கியிருப்பதுதான் காரணம். அடுப்படியிலேயே தெரிந்துவிடும் அடையாளம் அது. மற்றவை அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை.

மடிநோயை எடுத்துக்கொள்வோம். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் யாருக்கும் தெரியும். வெளியே தெரியாத மடிநோய்தான் தொல்லை. மாடு நன்றாகத் தின்கிறது, அசை போடுகிறது, பாலும் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கிறது. உள்ளே பால் சுரக்கும் செல்களுக்கு இடையிலான அடைப்பு தளர்ந்து, ரத்தத்திலுள்ள சீரம் அல்புமின் பாலில் கசிந்துகொண்டிருக்கும். சோடியமும் குளோரைடும் ஏறுவதால் பால் லேசாக உப்புக் கரிக்கும். கேசீன் சுரப்போ குறையும். ஒன்று குறைய, இன்னொன்று கூட, மொத்தப் புரதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இயந்திரம் 'சரி' என்றுவிடும். பனீர் போடுகிறவர்தான் ஏன் கட்டி குறைகிறது என்று தலையைச் சொறிவார்.

ஆய்வகங்கள் இந்த இடத்தில்தான் குறிப்பிட்ட சில புரதங்களைத் தேடுகின்றன. ஹாப்டோகுளோபின் நலமான மாட்டின் பாலில் இல்லை என்றே சொல்லலாம். மடி அழன்றால் ஏறும். கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் பிடித்துவைக்கும் லாக்டோஃபெரினும் பெருகும். எனக்கு இவற்றில் பிடித்தது பால் அமைலாய்டு ஏ. ரத்தத்தில் வரும் அமைலாய்டு, மாட்டுக்கு எங்கே அழற்சி வந்தாலும் ஏறும். குளம்புப் புண்ணாகக்கூட இருக்கலாம். பாலில் வரும் இந்த வகையை மடியின் செல்களே செய்கின்றன. ஆனாலும் ஒரே புரதத்தை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. சீம்பால் நாட்களிலும் பால் வற்றும் காலத்திலும் இவற்றில் சில தாமாகவே கூடும்.

இன்னொரு தடயம், உடைந்த புரதத் துண்டுகள். நோயுற்ற மடியில் பிளாஸ்மின் என்ற நொதி விழித்துக்கொள்ளும். பீட்டா கேசீனை வெட்டி காமா கேசீன்களாக்கும். பாஸ்டரைஸ் செய்தாலும் அடங்காது. குளிர்விப்பு மையத்தில் நடப்பது வேறு கதை. 4 டிகிரிக் குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒரு நொதியைச் சுரக்கிறது. அது பெரும்பாலும் முதலில் கை வைப்பது காப்பா கேசீனில். சூட்டில் பாக்டீரியா செத்தாலும் நொதி சாவதில்லை. மாதக்கணக்கில் கெடாது என்று விற்கும் அட்டைப்பெட்டிப் பால் கசப்பதற்கும் உள்ளேயே உறைவதற்கும் இந்த இரண்டு நொதிகளும் காரணமாகலாம். எந்தக் கேசீன் உடைந்தது என்று பார்த்தால், கோளாறு மடியிலா தொட்டியிலா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பால் கெட்டாலே மாடு வளர்ப்பவரைக் கைகாட்டும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கொழுப்புக்கு விலை வைக்கத் தெரிந்த நமக்குக் கேசீனுக்கு விலை வைக்க முடியாதா என்ன?

ஆய்வகம் எல்லா ஊருக்கும் வரும்வரை, வெளியே தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இது புரதச் சோதனை அல்ல. பாலில் இறங்கியிருக்கும் வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வைக் காட்டும் சோதனை. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கரையுங்கள். நான்கு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பீய்ச்சி, அதே அளவு கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். எந்தக் கிண்ணம் கூழாகக் கெட்டிப்படுகிறதோ, அந்தக் காம்பின் பாலைக் கேனில் சேர்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோதித்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள், கன்றுக்கும் வைக்காதீர்கள்.