தேம்ஸ் நதியின் பாய்ச் சரக்குப் படகு

19-ஆம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரம் குதிரைகளால் இயங்கியது. வண்டிகளை இழுத்த அக்குதிரைகளுக்கு உலர்புல் எங்கிருந்து கிடைத்தது? எஸ்ஸெக்ஸ், சபோக் மாவட்டங்களின் வயல்களிலிருந்து பாய்ச் சரக்குப் படகுகள் அதனைத் தேம்ஸ் நதி வழியே கொணர்ந்தன. திரும்பும்போது குதிரைச் சாணத்தை அவ்வயல்களுக்கே எருவாக ஏற்றிச் சென்றன.

இப்படகின் சிறப்பு அதன் தட்டையான அடிப்பாகமே ஆகும். கடல்நீர் ஏறும்போது குறுகிய கழிகளுக்குள் நுழைந்து, நீர் வற்றியதும் சேற்றின்மீது சாயாமல் அமரும். துறைமுகம் இல்லாத சிற்றூரிலும் சரக்கேற்ற இயலும். ஆனால் தட்டையான படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடுமன்றோ? அதனைத் தடுக்கவே இருமருங்கிலும் பெரிய பலகைகளைத் தொங்கவிட்டிருந்தனர். வேண்டும்போது அவற்றை நீரில் இறக்குவர். செங்காவி பூசிய பெரும்பாயைக் குறுக்கே சாய்ந்த ஒரு நெடுங்கழி தாங்கியது. பாயைத் திரைச்சீலைபோலக் கீழிருந்தே சுருக்கலாம். பாலம் குறுக்கிட்டால் பாய்மரத்தையும் சாய்க்கலாம். ஆகவே ஏறத்தாழ 100 டன் சரக்கைச் சுமந்த படகையும் இருவரே செலுத்தினர். புற்போர் மேல்தளத்தில் மலைபோல உயர்ந்து நிற்க, தலைவனுக்கு முன்வழி தெரியாது. துணைவன் போரின் உச்சியில் நின்று திசை கூற, அவன் சுக்கான் பிடிப்பான்.

இலண்டன் குப்பையை அகற்றும் தொழிலில் பொருளீட்டிய ஹென்றி டாட் என்பவர் 1863-இல் இப்படகுகளுக்குப் பந்தயம் ஏற்படுத்தினார். போட்டியினால் படகுகளின் வடிவமும் வேகமும் மேம்பட்டன. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2,000-க்கும் மேற்பட்ட படகுகள் தொழில் செய்தன.

அதன் பின்னர் மோட்டார் வண்டி வந்தது. நகரத்துக் குதிரைகள் குறைந்தன. புல்லும் எருவும் சரக்காக இருந்த நிலை மாறியது. செங்கல், தானியம் போன்ற பிற சரக்குகளையும் லாரிகள் வாயிலிலேயே ஏற்றிச் சென்றன. படகுகள் சிலவற்றில் இயந்திரம் பொருத்தினர். பல படகுகள் கழிகளில் கைவிடப்பட்டு மட்கின. 1906-இல் கட்டப்பட்ட ‘கேம்பிரியா’, 1970-இல் பாயை மட்டுமே நம்பிய தன் சரக்குத் தொழிலை நிறுத்தியது. அவ்வாறு உழைத்த படகுகளில் அதுவே கடைசி. எஞ்சிய சில படகுகள் உல்லாசப் பயணத்திற்கும் பந்தயத்திற்கும் பயன்படுகின்றன.

இருவர் கைக்கு அடங்கி, சேற்றிலும் நின்று உழைத்த இப்படகின் அமைப்பில் பெருங்குறை ஏதும் இருக்கவில்லை. ஒரு கருவி ஏன் மறைந்தது என ஆராயும் மாணவர்கள், அது சுமந்த சரக்கிற்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.