முசிறிக்கு ஒரு நாள் பயணம்

இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றில், தோட்டத் தொழிலுக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவ்வூர் வழியே ஓடும் பெரியாறு மலையிறங்கிச் சென்று, கொடுங்கல்லூருக்கு அருகே கடலில் கலக்கிறது. சங்கப் புலவர் பாடிய முசிறித் துறைமுகம் இப்பகுதியில்தான் இருந்தது. (திருச்சி மாவட்டத்து முசிறி வேறு.)

பாலக்காட்டிலிருந்து காலை இரயிலில் திருச்சூர் வந்து, பேருந்தில் சென்றால் கொடுங்கல்லூரை அடையலாம். ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். கோட்டப்புறம் படகுத்துறையில் படகு ஏறிச் சுற்றுவதே சிறந்தது. ஏனெனில் இவ்வூரின் பழைய பாதைகள் காயலும் கால்வாய்களுமே. பெருங்கலங்களில் வந்த பொன்னைச் சிறு தோணிகளே கரைசேர்த்தன என்று புறநானூறு கூறுகிறது. திரும்பிய கலங்களில் மலைநாட்டு மிளகு ஏறியது. அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில், உரோமானியச் சாடிகளின் ஓடுகளோடு பழைய மரத்தோணி ஒன்றும் கிடைத்தது.

இடைக்காலத்தில் இவ்வூர் மகோதயபுரம் என்னும் பெயரில் சேரர் தலைநகராய் விளங்கியது. சுந்தரர் பாடிய திருவஞ்சைக்களம் கோயில் இங்குள்ளது. தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் இன்றைய கேரளத்தில் இருப்பது இது ஒன்றே. 1341ஆம் ஆண்டில் பெரியாறு பெருக்கெடுத்துத் துறைமுகத்தைத் தூர்த்தது என்பர். அதன்பின் கப்பல்கள் கொச்சியை நாடின.