உயிர்க்கருவியும் விஞ்ஞானச் சிறுகதையும்

இரும்பாற் செய்த பொறி ஏவியதைச் செய்யும், நிறுத்தினால் நிற்கும். உயிர்ப்பொருளையே கருவியாக்கினால் நிலைமை வேறு. அது உண்ணும்; வளரும்; நோயுறும்; இனம் பெருக்கும். உயிர்த் தொழினுட்பத்தைப் பொருளாக்கி விஞ்ஞானச் சிறுகதை புனைவோர் முதலில் உணரவேண்டியது இவ்வேறுபாட்டையே. பலர் இதனை மறந்து, இயந்திரத்துக்குத் தோல் போர்த்துவிட்டு அமைதியடைகின்றனர்.

இத்தகைய கதைக்கு வேற்றுக் கோள்களை நாடவேண்டுவதில்லை. 1896 இல் ஜகதீச சந்திர போஸ் வங்காளத்தில் எழுதிய கதையொன்றிற் புயலை அடக்குவது ஒரு போத்தற் கேசதைலமே. வேலணைத் தீவின் மண்கும்பானும் நல்ல களமாகும். அங்குள்ள மணற்குன்றுகளினூடே இறங்கும் மழைநீர், உவர்நீரினும் இலேசானதாகையால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடன்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேன்மட்டம் சிறிது தாழினும் அடியிலிருந்து உவர் பெரிதும் ஏறிவிடும். மணலை அள்ளுவோர் அள்ளுவது மணலை மட்டுமன்று.

இக்களத்திற் கதாசிரியன் கண்டன்மரத்தை நினைப்பானாக. கண்டலினத்துட் சில, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வேறு சில இலைவழியே வெளியேற்றும். இப்பண்பை மிகுவித்து, கடனீரை நன்னீராக்கிக் கிணற்றுக்கு ஊட்டும் மரமொன்றைக் கற்பனை செய்யலாம். இதுவரை விஞ்ஞானமே, கதை இன்னும் பிறக்கவில்லை. தடுக்கப்பட்ட உப்பு எங்கே போகும்? அது வேரைச் சூழ்ந்து செறிந்தால் அயற்காணியின் கிணறு என்னாகும்? மரமும் தன் பங்கைக் குடிக்குமே, கோடையில் யாருக்கு முதலுரிமை? கண்டலின் வித்து நீரில் மிதந்து செல்வது. அது நெடுந்தீவிற் கரையொதுங்கி முளைத்தால் அம்மரம் யாருடையது?

இறுதி வினா வெறுங் கற்பனையன்று. வங்காளத்திற் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, மசகெண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரை அமெரிக்காவில் உருவாக்கினார். உயிருள்ள அதற்கு ஆக்கவுரிமை வழங்கலாமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1980 இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஐவர் உடன்பட்டனர், நால்வர் மறுத்தனர். ஒன்பது பேரறிஞரைப் பிரித்த வினா, ஒரு வேலிக்கு இருபுறமும் வாழும் இரு குடும்பங்களைப் பிரியாதா? ஆதலின் ஆய்வுகூட வருணனையாற் கதையைத் தொடங்கவேண்டுவதில்லை. மரம் நட்ட வீட்டார் குடத்தை நிரப்பிக்கொண்டிருக்க, அயல்வீட்டுப் பெண் தன் கிணற்று நீரை அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்புவதே முதற் காட்சிக்குப் போதும்.